டிஎஸ்3231 மாட்யூல்: பள்ளிக்கூட மணியிலும் களக்காட்டு மோட்டார் ரூமிலும் மூன்று வருடம்

இதுவரை 11 டிஎஸ்3231 மாட்யூல் வாங்கியிருக்கிறேன். 10 ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று பட்டன் செல் கசிந்து செத்துப்போனது. என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எந்த ஆர்டிசி வாங்கட்டும்?" என்பதுதான். ஆர்டிசி என்றால் கரண்ட் போனாலும் நேரத்தைப் பிடித்து வைத்திருக்கிற கடிகாரச் சிப், டிஎஸ்3231 அதில் ஒரு ரகம். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லி ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. செத்துப்போன அந்த ஒரு மாட்யூலின் கதையையும் சேர்த்து இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் வைத்துச் சின்னச் சின்னக் கருவிகள் செய்து கொடுக்கிறேன். அதிகம் கேட்டு வருவது இரண்டு: பள்ளிக்கூடத்துக்குத் தானாக அடிக்கும் பெல், தோட்டத்துக்கு மோட்டார் டைமர். இரண்டுக்குள்ளும் புரோகிராமை ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் சிப்பான மைக்ரோகண்ட்ரோலருக்கு மணி என்ன என்று தெரியாது. கரண்ட் வந்த நொடியிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று எண்ணத் தெரியும், அவ்வளவுதான். கரண்ட் போனால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். ஒரு காற்று மழைக்கு நம்ம பக்கம் எத்தனை தடவை கரண்ட் போய் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஒரு பட்டன் செல்லை வைத்துக்கொண்டு ராப்பகலாக ஓடுகிற தனிக் கடிகாரச் சிப் ஒன்று உள்ளே வேண்டும்.

முதலில் நான் வைத்தது டிஎஸ்1307. விலை பாதிதான். சேரன்மகாதேவி போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அதுவரை அங்கே வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டில்தான் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று என் பெல்லை மாட்டி, நொடி பிசகாமல் நேரம் வைத்துவிட்டு வந்தேன். தீபாவளி லீவு முடிந்ததும் மணி அடிக்கிற அண்ணாச்சி போன் செய்தார்.

"எம்மா, ஒங்க பெல்லு என் வாட்சுக்கு அஞ்சு நிமிசம் பிந்தி அடிக்கு. பிள்ளைய எல்லாம் கேட்ல நிக்காவ. நான் பழையபடி தண்டவாளத்துல அடிக்கட்டா?"

அவர் கேட்டதில் குற்றம் இல்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. 150 நாளில் 5 நிமிடம் என்றால் நாளுக்கு 2 நொடி. புரோகிராமில் பிழை இருக்கும் என்று ஒரு வாரம் தேடினேன். பிழை புரோகிராமில் இல்லை, கிறிஸ்டலில் இருந்தது.

டிஎஸ்1307-க்குக் கிறிஸ்டலை வெளியே வைக்க வேண்டும். போர்டில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெள்ளி உருளை படுத்திருக்கும், அதுதான். அது நொடிக்கு 32,768 தடவை அதிரும். 15 தடவை இரண்டால் வகுத்தால் மிச்சமில்லாமல் ஒன்று வரும், அதற்காகத்தான் அந்த எண். மலிவுக் கிறிஸ்டலில் 20 பிபிஎம் வரை பிசகு இருப்பது சகஜம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நாளுக்கு 86,400 நொடி, அதில் 20 பிபிஎம் என்பது 1.7 நொடி. இதற்கு மேல் வெயில் இருக்கிறது. இந்த வகைக் கிறிஸ்டல் சரியாக ஓடுவது 25 டிகிரி பக்கத்தில். சூடு ஏறினாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். அதுவும் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். 45 டிகிரியில் கணக்குப் போட்டால் சுமார் 14 பிபிஎம், நாளுக்கு இன்னும் 1.2 நொடி. 25 டிகிரி என்பது நமக்கு மார்கழி விடியற்காலை. மற்ற நாளெல்லாம் அந்தக் கிறிஸ்டல் பிந்திக்கொண்டேதான் இருக்கும்.

டிஎஸ்3231-இல் கிறிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சார். 64 நொடிக்கு ஒருமுறை சூட்டை அளந்து, அதற்குத் தக்கபடி உள்ளே கெப்பாசிட்டன்ஸைக் கூட்டிக் குறைத்து அதிர்வைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை பிசகு 2 பிபிஎம்முக்குள் என்று டேட்டாஷீட் சொல்கிறது. மைனஸ் 40 முதல் 85 வரை போனாலும் 3.5 பிபிஎம். 2 பிபிஎம் என்பது ஒரு முழு வருடத்துக்கு 63 நொடி. டல்லாஸ் செமிகண்டக்டர் காலத்துப் பெயர்தான் இந்த 'டிஎஸ்'. அந்தக் கம்பெனி 2001-இல் மேக்ஸிம் கைக்குப் போனது, மேக்ஸிம் 2021-இல் அனலாக் டிவைசஸ் கைக்குப் போனது. பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அரையாண்டு லீவில் போய் மாற்றினேன். மாற்றுவது சுலபம். இரண்டு சிப்புக்கும் ஐ2சி (சிப்புகள் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் முறை) முகவரி ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 68, நொடியிலிருந்து வருடம் வரை முதல் ஏழு ரெஜிஸ்டரும் (சிப்புக்குள் எண்ணை வைக்கிற சின்ன அறை) ஒரே வரிசை. கண்ட்ரோல் ரெஜிஸ்டர் மட்டும் இடம் மாறுகிறது: டிஎஸ்1307-இல் 07, இதில் 0ஈ. ஜனவரி 2-ஆம் தேதி நேரம் வைத்தேன். இந்திய நேரத்தைப் பேணுகிற டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இணைய நேரத்தோடு 100 நாள் கழித்து ஒப்பிட்டேன். 6 நொடி முந்தியிருந்தது.

விட்டுவிடலாம், 6 நொடியால் எந்தப் பிள்ளைக்கும் வகுப்பு தவறாது. ஆனால் இந்தச் சிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹெக்ஸ் 10-ஆம் ரெஜிஸ்டருக்கு ஏஜிங் ஆஃப்செட் என்று பெயர். அதில் ஒரு படி என்பது ஏறக்குறைய 0.1 பிபிஎம். 100 நாளுக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் நொடி, அதில் 6 நொடி என்றால் 0.7 பிபிஎம், அதாவது 7 படி. முந்தி ஓடுவதால் கூட்டல் 7 எழுதினேன். கூட்டல் எழுதினால் மெதுவாகும், கழித்தல் எழுதினால் வேகமாகும். அதன்பின் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பார்த்ததில் ஒரு முழு நொடிகூடப் பிசகவில்லை. வெளியே கிறிஸ்டலைத் தொடாமல், ஒரே ஒரு பைட் எழுதி ஒரு கடிகாரத்தை இவ்வளவுக்கு நேராக்க முடிகிறது.

தண்டவாளத் துண்டு இன்னும் அதே வேப்பமரத்தில்தான் தொங்குகிறது. கரண்ட் இல்லாத நேரம் கடிகாரம் ஓடும், பெல் அடிக்காது. அந்த நேரத்துக்கு அண்ணாச்சி வேண்டும்.

இவ்வளவும் சிப்பைப் பற்றி. இனி அந்தச் சிப்பை வைத்து விற்கிற போர்டைப் பற்றி.

கடையில் டிஎஸ்3231 என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் இசட்எஸ்-042 என்று பின்னால் அச்சிட்ட நீல போர்டு. கடைசியாக 170 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே சிப்பும், பக்கத்தில் 4 கிலோபைட் ஈஈப்ராமும் (கரண்ட் போனாலும் எழுதியது அழியாத மெமரி), பின்னால் செல் ஹோல்டரும் இருக்கும். ஈஈப்ராம் முகவரி ஹெக்ஸ் 57. பெல் அட்டவணையை அதில்தான் வைக்கிறேன். 32 பைட் ஒரு பக்கம். பக்க எல்லையைத் தாண்டி ஒரே மூச்சில் எழுதினால் அந்தப் பக்கத்தின் தொடக்கத்துக்கே சுற்றிப்போய் முன்னால் எழுதியதை அழித்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த போர்டில் ஒரு சார்ஜிங் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜ் ஆகிற செல்லை மனதில் வைத்துப் போட்டது. ஒரு 200 ஓம் ரெசிஸ்டர், ஒரு கண்ணாடி டயோடு, அவ்வளவுதான். 5 வோல்ட் வந்தால் அது நேராகச் செல்லுக்குப் போகும். நம் கடைகளில் கிடைப்பதோ கம்ப்யூட்டர் மதர்போர்டில் போடுகிற சிஆர்2032. அது 3 வோல்ட், சார்ஜ் செய்யவே கூடாத செல்.

எனக்கு இது தெரியாமல் களக்காட்டில் மாமா தோட்டத்து மோட்டார் டைமரில் அப்படியே போட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் செல் நடுவில் உப்பி, ஹோல்டரின் கம்பி வெளியே வளைந்து நிற்கிறது. ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சிப்பின் கால்கள் வரை பச்சை ஏறிவிட்டது. செல்லை எடுத்துவிட்டு ஹோல்டரின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தேன்: 4.6 வோல்ட். 3 வோல்ட் செல்லுக்குள் எட்டு மாதம் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. தகரக் கூரை போட்ட அறை, பக்கத்தில் உரச்சாக்கு, சணல் கோணி. வேறெதுவும் ஆகாமல் போனதற்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இதற்குச் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. டயோடுக்குப் பக்கத்தில் 201 என்று எழுதிய சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சூடேற்றித் தட்டி எடுத்துவிடுங்கள். டயோடை எடுத்தாலும் சரிதான். எடுத்தபின் ஹோல்டரில் மறுபடி மீட்டர் வையுங்கள், 4.6 காணாமல் போயிருக்க வேண்டும். 3.3 வோல்ட்டில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் டயோடில் கொஞ்சம் இறங்கி, செல்லின் வோல்ட்டை எட்டாது. ஆனாலும் நான் எடுத்துவிடுவேன். நாளைக்கு யாராவது 5 வோல்ட்டில் மாட்டினால் யார் பொறுப்பு? இந்த ஒரு காரணத்துக்காகவே, சிப்புக்குக் கொடுக்கும் மதிப்பை நான் போர்டுக்குக் கொடுக்க மாட்டேன். அந்த ரெசிஸ்டரோடு இதை யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன்.

சார்ஜ் ஏறாமல் இருந்தால் செல் வெகுகாலம் வரும். சிஆர்2032-இல் சுமார் 220 மில்லிஆம்ப் மணி இருக்கும். கரண்ட் இல்லாதபோது சிப் இழுப்பது சாதாரணமாக ஒரு மைக்ரோஆம்புக்கும் குறைவு. மோசமாக 3 மைக்ரோஆம்ப் என்று வைத்தாலும் எட்டு வருடம். அதற்குள் செல் தானாகவே வயதாகிவிடும்.

அடுத்தது புரோகிராம். இங்கேதான் மாமா வாழைக்குப் பாதகம் வந்தது.

டைமரில் நான் வைத்தது காலை 5 முதல் 7, சாயங்காலம் 5 முதல் 7. லைப்ரரியோடு (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்) வருகிற மாதிரி நிரலில், புரோகிராமைக் கம்பைல் செய்த (கம்ப்யூட்டரில் சிப்புக்குப் புரியும்படி மாற்றிய) நேரத்தையே கடிகாரத்துக்கு வைக்கிற ஒரு வரி இருக்கும். முதல் தடவை நேரம் வைக்க அது வசதி. அந்த வரியை எடுக்காமல் விட்டுவிட்டால், ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் அதே பழைய நேரத்தைத் திரும்பத் திரும்ப வைக்கும். நான் அன்று கம்பைல் செய்தது சாயங்காலம் 4 மணி 50 நிமிடத்துக்கு. ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய் ஒன்றரை மணிக்கு வந்திருக்கிறது. பெட்டியின் கணக்கில் அப்போது மாலை 4:50. பத்து நிமிடம் பொறுத்திருந்து, 1:40-க்கு மோட்டாரை எடுத்துவிட்டது. 3:40 வரை ஓடியிருக்கிறது.

"ஏட்டி, ஒன் பெட்டி நடுச்சாமத்துல மோட்டார எடுத்து வுட்டுட்டு. வரப்பு ஒடஞ்சு பக்கத்து வயக்காட்டுல தண்ணி நிக்கு. வாழை மூட்டுல எல்லாம் முழங்கா அளவு கெட்டிக் கெடக்கு."

"நான் இப்பவே பஸ் ஏறுதேன் மாமா. அதுவரைக்கும் பெட்டிய ஆஃப் பண்ணிப் போடுங்க."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வயல்காரரிடம் மாமாவே போய்ப் பேசி முடித்துவிட்டு, எனக்குச் சாப்பாடு போட்டுத்தான் பெட்டியைத் திறக்க விட்டார்.

கடிகாரம் நடுவில் நின்றதா என்று சிப்பே ஞாபகம் வைத்திருக்கிறது. 0எஃப் என்ற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் மேல் பிட்டுக்கு ஓஎஸ்எஃப் என்று பெயர். கிறிஸ்டலை அதிரவைக்கிற ஆஸிலேட்டர் எப்போதாவது நின்றிருந்தால் அது 1 ஆகும், நாம் அழிக்கும்வரை 1 ஆகவே நிற்கும். லைப்ரரியில் 'லாஸ்ட் பவர்' என்ற ஃபங்ஷன் பார்ப்பது இதைத்தான். அந்தப் பிட் 0 என்றால் கடிகாரத்தைத் தொடாதீர்கள். 1 என்றால் என்ன செய்வது என்பதில்தான் நான் எல்லாரோடும் மாறுபடுகிறேன். மாதிரி நிரல் அப்போதும் கம்பைல் நேரத்தைத்தான் வைக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய நேரத்தை வைத்து என்ன பயன்? என் பெட்டிகளில் ஓஎஸ்எஃப் 1 ஆக இருந்தால் சிவப்பு லைட் மின்னும். யாராவது வந்து பட்டனை அழுத்தி நேரம் வைக்கிறவரை மோட்டாரும் ஓடாது, பெல்லும் அடிக்காது.

புதுச் செல் போட்டதும் சிப் ஓட ஆரம்பித்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். முதல் தடவை மெயின் சப்ளை (செல் அல்லாமல் போர்டுக்குக் கொடுக்கிற 3.3 அல்லது 5 வோல்ட்) கொடுத்தபின்தான் ஆஸிலேட்டர் தொடங்கும். அதற்குப் பிறகு செல் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் வழக்கமாக இடறுகிற இன்னும் சில இடங்கள். ரெஜிஸ்டரில் எண்கள் பிசிடி முறையில், அதாவது ஒவ்வொரு இலக்கத்துக்கும் நாலு பிட்டாக இருக்கும். 59 நொடியை அப்படியே எடுத்தால் 89 என்று வரும். மேல் நாலு பிட்டைப் பத்தால் பெருக்கிக் கீழ் நாலு பிட்டைக் கூட்டுங்கள். ஏழு ரெஜிஸ்டரையும் ஒரே வாசிப்பில் எடுங்கள். வாசிப்புத் தொடங்கும்போது சிப் நேரத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதையே கொடுக்கும். மணியையும் நிமிடத்தையும் தனித்தனியாக வாசித்தால், 9:59 முடிந்து 10:00 ஆகிற நொடியில் 9-ஐயும் 00-ஐயும் சேர்த்து 9:00 என்று படித்துவிடுவீர்கள். கிழமையைச் சிப் கணக்குப் போடாது. நீங்கள் எதை 1 என்று சொன்னீர்களோ அதிலிருந்து 7 வரை எண்ணும், அவ்வளவுதான். அலாரம் அடித்தபின் அதைக் குறித்துவைக்கிற ஃப்ளாக் பிட்டை நீங்களே அழிக்க வேண்டும், இல்லையென்றால் மைக்ரோகண்ட்ரோலரைக் கூப்பிடுகிற இன்டரப்ட் பின் கீழேயே கிடக்கும், அடுத்த அலாரம் வந்தது தெரியாது.

மோட்டார் ரூமில் வேறொரு தொல்லை. மோட்டாரை ஆன் ஆஃப் செய்கிற காண்டாக்டர் விழும்போது வருகிற மின் துள்ளலில் மைக்ரோகண்ட்ரோலர் சில நேரம் ரீசெட் ஆகும். அது சரியாக நேரத்தை வாசித்துக்கொண்டிருந்த தருணமாக இருந்தால், சிப் பாதி பைட்டில் ஐ2சி-யின் டேட்டா வயரான எஸ்டிஏவைக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கும். இந்தச் சிப்பை ரீசெட் செய்ய ஐ2சி-யில் தனி வழி இல்லை. கிளாக் வயரான எஸ்சிஎல்லை ஒன்பது தடவை வரை ஏற்றி இறக்கினால் விட்டுவிடும். என் புரோகிராம் எல்லாவற்றிலும் கரண்ட் வந்ததும் முதல் வேலை இதுதான். காண்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக வைத்தபின் ரீசெட்டே அரிதாகிவிட்டது. மாட்யூலுக்குப் போகிற வயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் ஒருமுறை ஐந்து சேர்த்து வாங்கினேன். எல்லாவற்றிலும் டிஎஸ்3231எஸ்என் என்றுதான் அச்சு. இரண்டில் மட்டும் எழுத்து கொஞ்சம் மங்கலாக, கோணலாகத் தெரிந்தது. வெப்பநிலை ரெஜிஸ்டரை நொடிக்கு ஒருமுறை திரையில் ஓடவிட்டு, சிப்பின் மேல் விரலை வைத்தேன். அசல் எஸ்என் ஒரு நிமிடத்துக்கு அசையாமல் இருந்துவிட்டு ஒரே தாவலாக ஏறும், ஏனென்றால் அது அளப்பதே 64 நொடிக்கு ஒருமுறை. இந்த இரண்டும் விரல் வைத்த மறுநொடியே கால் கால் டிகிரியாக ஏற ஆரம்பித்தன. நொடிக்கு ஒருமுறை அளப்பது டிஎஸ்3231எம் என்கிற வேறு ரகம். அதற்குள் இருப்பது கிறிஸ்டல் இல்லை, மெம்ஸ் ரெசனேட்டர் என்கிற மிகச் சின்னச் சிலிக்கான் அதிர்வி, பிசகு 5 பிபிஎம், வருடத்துக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். அது மட்டமான சிப் இல்லை. ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கு இல்லை. இரண்டையும் மோட்டார் டைமர்களில் போட்டேன், தண்ணீர் பாய்ச்ச அது தாராளம். பள்ளிக்கூடத்துக்கு எஸ்என் மட்டும்தான்.

"ஈஎஸ்பி32-க்குள்ளேயே ஆர்டிசி இருக்கே அக்கா, எதுக்கு இது?" என்று கேட்கிறார்கள். ஈஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள ஒரு மைக்ரோகண்ட்ரோலர். அதன் ஆர்டிசி இயல்பாக ஓடுவது கிறிஸ்டல் இல்லாத 150 கிலோஹெர்ட்ஸ் ஆர்சி ஆஸிலேட்டரில். சூட்டுக்குச் சூடு மாறும், கரண்ட் போனால் எல்லாம் போகும். இன்டர்நெட்டில் நேரம் எடுக்கலாம்தான், டவுனில் அது போதும். களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத் தோட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாலும் சிக்னல் ஒரு கோடு வருவது பாடு.

மே மாதம் மாமா மோட்டார் ரூமில் பகல் இரண்டு மணிக்கு சிப் காட்டிய சூடு 49 டிகிரி. 3 டிகிரி முன்பின் இருக்கலாம், அது சிப்பின் சூடே தவிர அறையின் சூடு இல்லை. அந்தச் சூட்டில் முழுக்கோடை கழிந்து நேரத்தைப் பார்த்தபோது 4 நொடி பிந்தியிருந்தது. டிஎஸ்1307-ஐ அங்கே வைத்திருந்தால் எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

170 ரூபாய், ஒரு ரெசிஸ்டரைத் தட்டி எடுக்கிற வேலை, நல்ல கம்பெனி சிஆர்2032 ஒன்று. இதற்கு மேல் விலை கொடுத்து வேறு ஆர்டிசி தேட எனக்குத் தேவை வரவில்லை. புதுப் பெட்டி ஒவ்வொன்றிலும் மூடியின் உள்பக்கம் செல் போட்ட தேதியையும், ஐந்து வருடம் கழித்து மாற்ற வேண்டிய தேதியையும் மார்க்கரில் எழுதிவிடுகிறேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாசித்துப் பார்த்தார்.

"அஞ்சு வருசம் கழிச்சு யாரு வந்து மாத்துவா?"

"நான்தான் மாமா வருவேன்."

"அப்ப அதையும் அதுல எழுது," என்றார். தேதிக்குக் கீழே என் பெயரையும் எழுதிவிட்டு மூடியை முடுக்கினேன்.